ஓர் எஞ்சினும் பல தலைகளும்: வன்னி வளவுக்கு ஏற்றவாறு ஒரு புல்வெட்டியைத் தெரிந்து பொருத்தியெடுத்த பதிவு

புல்வெட்டும் மெசின் வாங்கப் போகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது எத்தனை சீசீ என்பதைத்தான். ஒரே வேலைக்கு, ஒரே தலையுடன் வாங்குவதானால் அந்தக் கேள்வி போதும். கீழ்ப்பாதியைக் கழற்றிவிட்டு வாள், வேலி வெட்டும் கத்தி, மண் கொத்தும் தலை என்று வேறு வேறு பகுதிகளை மாட்டிப் பயன்படுத்தும் மெசினாக இருந்தால், குழாயின் நடுவில் இரண்டு பாதிகளும் சேரும் அந்த ஒரு சாண் இடத்தையே முதலில் பார்க்க வேண்டும் என்பது நான் வந்து சேர்ந்த முடிவு. எஞ்சின் பழுதானால் அதற்கு உதிரிப்பாகம் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் கிடைக்கிறது. இணைப்பு பொருந்தாவிட்டால் வாங்கிய தலை கொட்டிலின் மூலையில் கிடக்க வேண்டியதுதான். எங்கள் வளவுக்கு ஒன்றைத் தெரிந்து வாங்கி, வேறொரு தயாரிப்பின் மரம் அரியும் வாளை அதற்குப் பொருத்தியெடுத்த விதத்தை இங்கே பதிவு செய்கிறேன்.

எங்கள் காணி கிளிநொச்சி மாவட்டத்தில் வட்டக்கச்சிப் பக்கம் உள்ளது. வீட்டைச் சுற்றித் தென்னையும் பின்பக்கத்தில் மரக்கறிப் பாத்திகளும் உள்ளன. மூன்று புறமும் பூவரசும் கிளுவையும் சீமைக்கிளுவையும் நட்ட கதியால் வேலி. நாலாவது புறம் வாய்க்கால். அதற்கு அப்பால் இரணைமடுக் குளத்துத் தண்ணீரை நம்பிய வயல். இத்தகைய இடத்தில் வெட்ட வேண்டியது ஆண்டு முழுவதும் ஒரே பொருளாக இருப்பதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு முற்றத்திலும் தென்னையடியிலும் தளதளவென்று எழும் புல் தங்கூசிக்கே, அதாவது தலையில் சுழலும் நைலோன் நூலுக்கே, விழுந்துவிடும். காலபோக நெல் முற்றும் தை, மாசியில் வரம்பிலும் வாய்க்கால் கரையிலும் இலுக்குப் புல் இடுப்பளவு நிற்கும். அதற்கு இரும்புத் தகடு வேண்டும். வைகாசி, ஆனியில் அதே கரையில் விரலளவு தடித்த பற்றைகள் காய்ந்து நிற்கும். இவற்றுக்கிடையில் வேலிக் கதியால்கள் தலைக்கு மேல் வளர்ந்து, பாத்திக்கு வெயில் விழாமல் மறைத்துவிடும். தனித்தனி மெசின் வாங்கினால் ஒவ்வொன்றுக்கும் ஒரு எஞ்சின், ஒரு காபிறேற்றர், ஒரு பிளக் என்று பராமரிப்பும் பெருகும். மாதக்கணக்கில் ஓடாமல் கிடக்கும் சிறிய எஞ்சினின் காபிறேற்றர் அடைபடுவது இங்கே எல்லாரும் அறிந்தது. ஓர் எஞ்சின் வாரந்தோறும் ஏதோ ஒரு வேலைக்கு ஓடிக்கொண்டிருப்பதே அதற்கும் நல்லது.

கடையில் நிற்கும் மெசின்கள் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் உள்ளே இரண்டு வகை. ஒரு வகையில் எஞ்சினிலிருந்து கியர் பெட்டி வரை வெளிக்குழாயும் ஒன்று, அதனுள்ளே சுழலும் சாஃப்டும் (உலோகத் தண்டும்) ஒன்று. மற்ற வகையில் குழாய் நடுவில் இரண்டாகப் பிரிந்து, ஒரு கப்ளிங்கினால் இறுக்கப்பட்டிருக்கும்; உள்ளேயுள்ள சாஃப்டும் அதே இடத்தில் பிரிந்து, மேல்பாதியின் நுனியில் பல் வெட்டிய குழியும் கீழ்ப்பாதியின் நுனியில் அதற்குள் இறங்கும் பல்லுமாக இருக்கும். சிலவற்றில் பல்லுக்குப் பதிலாக நாற்சதுர நுனி. முதல் வகையை அறுத்து இரண்டாம் வகையாக மாற்றித் தருவதாகச் சொல்லும் பட்டறைகள் உண்டு. நான் அதற்கு உடன்படமாட்டேன். எஞ்சின் முழு வேகத்தில் இருக்கும்போது உள்ளே சாஃப்ட் நிமிடத்துக்கு ஏறத்தாழ ஏழாயிரம் சுற்றுச் சுழல்கிறது. அறுத்து ஒட்டிய இடத்தில் மயிரிழை கோணினாலும் நடுக்கம் கைக்கு ஏறுவதுடன், குழாயினுள்ளே சாஃப்டைத் தாங்கும் புஷ்களும் தேய்ந்துவிடும். பிரிந்த குழாயுடன் தொழிற்சாலையிலிருந்து வந்ததையே வாங்க வேண்டும்.

வாங்கும்போது வேர்னியர் (மில்லிமீற்றரின் பின்னம் வரை அளக்கும் கருவி) ஒன்றைக் கையோடு கொண்டு போவது நல்லது. முதலாவது அளவு கீழ்க்குழாயின் வெளிவிட்டம். சந்தையில் 26 மில்லிமீற்றரும் 28 மில்லிமீற்றரும் பரவலாக உள்ளன; 24, 25.4 என்பவையும் இடையிடையே வரும். கண்ணால் பார்த்து இவற்றைப் பிரித்தறிய முடியாது. இரண்டாவது, சாஃப்ட் நுனியிலுள்ள பற்களின் எண்ணிக்கை. ஒன்பது பல்லும் ஏழு பல்லும் உண்டு. ஏழு பல் நுனி ஒன்பது பல் குழிக்குள் இறங்காது. மூன்றாவதைப் பெரும்பாலும் யாரும் அளப்பதில்லை, ஆனால் எல்லாவற்றிலும் முக்கியமானது அதுவே: கீழ்க்குழாயில் கப்ளிங்கின் பூட்டு முளை வந்து விழும் துளையின் நடுவிலிருந்து சாஃப்டின் நுனி வரையுள்ள தூரம். அந்தத் தூரம்தான் சாஃப்ட் எவ்வளவு ஆழத்துக்குக் குழிக்குள் இறங்கும் என்பதைத் தீர்மானிக்கிறது. குறைந்தால் பல்லின் நுனி மட்டும் பிடித்து, சுமை ஏறும்போது பல் மழுங்கும். கூடினால் சாஃப்ட் குழியின் அடியில் முட்டி நின்று, கப்ளிங்கை இறுக்க இறுக்க ஒருபுறம் கிளச்சின் பெயாரிங்கையும் மறுபுறம் கியர் பெட்டியின் பெயாரிங்கையும் நெரிக்கும். இரண்டாவது கேடு வெளியே தெரியாமல் நடக்கும் என்பதால் அதுவே மோசமானது.

எஞ்சினைப் பற்றியும் சொல்ல வேண்டும். மலிவு விலையில் வரும் இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின்களின் உடலில் 1ஈ40எஃப், 1ஈ44எஃப் என்ற மாதிரி எழுத்துகள் பொறிக்கப்பட்டிருக்கும். 40, 44 என்பவை சிலிண்டரின் உள்விட்டத்தை மில்லிமீற்றரில் சொல்கின்றன. பிஸ்டனின் ஓட்டம் 34 மில்லிமீற்றர் என்று வைத்துக் கணக்குப் பார்த்தால் முதலாவது 42.7 சீசீயும் இரண்டாவது 51.7 சீசீயும் வரும். பெட்டியில் 43 என்றும் 52 என்றும் அச்சிடப்பட்டிருப்பது இவைதான். உடலில் 40 என்று பொறித்துவிட்டு, பெட்டியில் 52 என்றோ அதற்கு மேலோ போட்டு விற்பதும் நடக்கிறது. பெட்டியை வாசிப்பதை விட எஞ்சினின் உடலை வாசிப்பது நம்பத்தக்கது. நாலு ஸ்ட்ரோக்கில் ஹொண்டா ஜிஎக்ஸ் 35 என்பது 39 மில்லிமீற்றர் விட்டமும் 30 மில்லிமீற்றர் ஓட்டமும் கொண்டு 35.8 சீசீ வருகிறது. அதே அளவில் 139எஃப் என்ற பெயருடன் வரும் பிரதிகளும் உண்டு.

நான் நாலு ஸ்ட்ரோக்கையே எடுத்தேன். வேகம் ஏறுவதில் இரண்டு ஸ்ட்ரோக் முந்திக்கொள்ளும், விலையும் குறைவு. ஆனால் 43 சீசீ இரண்டு ஸ்ட்ரோக் முழு வேலையில் மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ ஒரு லீற்றரை முடித்துவிடும்; நாலு ஸ்ட்ரோக்குக்கு அதைவிடக் குறைவாகவே போகும். 2022ஆம் ஆண்டில் கியூஆர் அட்டையோடு பெற்றோலுக்கு வரிசையில் நின்றவர்களுக்கு அந்த வித்தியாசத்தின் பெறுமதியை விளக்கத் தேவையில்லை. இன்னொரு காரணம், பெற்றோலுடன் ஒயில் கலக்கும் வேலை அற்றுப்போவது. இரண்டு ஸ்ட்ரோக் வைத்திருப்பவர்கள் தங்கள் ஒயில் போத்தலில் எழுதியிருக்கும் கலவையை ஒழுங்காகப் பின்பற்ற வேண்டும்: 25க்கு 1 என்றால் ஒரு லீற்றர் பெற்றோலுக்கு 40 மில்லிலீற்றர், 50க்கு 1 என்றால் 20 மில்லிலீற்றர். போத்தல் மூடியால் குத்துமதிப்பாக ஊற்றுவது இங்கே வழக்கமாகிவிட்டது. அப்படி ஊற்றிய எஞ்சின்களின் பிஸ்டன்கள் கீறல் விழுந்து பட்டறைக்கு வருகின்றன. நாலு ஸ்ட்ரோக்கில் கவனிக்க வேண்டியது வேறு: கிராங்க் பெட்டியில் இருப்பது வெறும் 100 மில்லிலீற்றர் ஒயில். அவ்வளவு சிறிய அளவு வெயில் காலத்தில் விரைவாகக் கறுக்கும், குறையும். ஒவ்வொரு முறை தொடங்குவதற்கு முன்பும் மெசினைச் சமமாக வைத்து ஒயில் மட்டத்தைப் பார்த்தே ஆக வேண்டும்.

உயரம் குறைந்தவர்கள், குறிப்பாகப் பெண்கள், கடையிலேயே தோள்பட்டியை மாட்டிப் பார்க்க வேண்டும் என்று வற்புறுத்திச் சொல்வேன். பட்டியின் கொக்கி இடுப்பெலும்புக்குச் சற்றுக் கீழே நிற்க, வெட்டும் தலை நிலத்தைத் தொட்டும் தொடாமலும் மிதக்க வேண்டும். கொக்கி மாட்டும் வளையம் குழாயில் நகரக்கூடியதாக இருந்தால்தான் இது சாத்தியம். தங்கூசித் தலையை விட மரவாள் நுனியில் பாரம் கூடியது. ஆகவே தலையை மாற்றும்போதெல்லாம் வளையத்தையும் நகர்த்த வேண்டியிருக்கும். அந்த இடங்களை நான் குழாயில் வண்ண ஒட்டுநாடாவினால் குறித்து வைத்திருக்கிறேன்.

இனிப் பொருத்திய வேலை. மெசினின் கப்ளிங் 28 மில்லிமீற்றர் குழாய்க்குரியது. அதனுடன் வந்த தலைகள் தங்கூசியும் மூன்று பல் தகடும் மட்டுமே. நீளக் குழாயில் சங்கிலி வாள் பூட்டிய தலையொன்று உறவினர் ஒருவரிடம் பயன்பாடின்றி இருந்தது. அவருடைய எஞ்சின் உடைந்த பின்னர் வாள் மட்டும் மிஞ்சியிருந்தது. அளந்து பார்த்தபோது குழாய் 26 மில்லிமீற்றர், சாஃப்ட் ஒன்பது பல். என்னுடையதும் ஒன்பது பல். ஆகவே பல் பிரச்சினை இல்லை. குழாய்தான் கப்ளிங்குக்குள் இரண்டு மில்லிமீற்றர் தளர்ந்து ஆடியது.

இந்த வழியில் பொருந்தாமை இருந்தால் அதைத் தீர்ப்பது எளிது. கப்ளிங் பெரிது, குழாய் சிறிது என்றால் இடைவெளியை நிரப்ப ஓர் உறை போதும். கப்ளிங் சிறிது, குழாய் பெரிது என்ற எதிர்நிலையில் கப்ளிங்கையே மாற்ற வேண்டும். குழாயைக் கடைந்து மெல்லியதாக்கக் கூடாது. அந்த அலுமினியக் குழாயின் சுவரே ஒன்றரை மில்லிமீற்றர் அளவில்தான் இருக்கும். அதில் ஒரு மில்லிமீற்றரைக் கடைந்தெடுத்துவிட்டால், தலைக்கு மேலே வாள் ஓடிக்கொண்டிருக்கும்போது முறியக்கூடிய இடம் அதுவாகவே இருக்கும்.

உறையைக் கடைவதற்குப் பரந்தனிலுள்ள லேத் பட்டறைக்கு இரண்டு குழாய்களையும் கப்ளிங்கையும் கொண்டுபோனேன். "அக்கா, இரும்பிலையே கடைஞ்சு தாறன், காலத்துக்கும் நிக்கும்" என்றார் அங்கிருந்த தம்பி. அலுமினியத்தையே கேட்டேன். கப்ளிங்கின் உடலும் அலுமினியம், குழாயும் அலுமினியம். நடுவில் இரும்பை வைத்து மழையில் நனையவிட்டால் துரு பிடித்து மூன்றும் ஒன்றோடொன்று இறுகிப் போகும், பிறகு தலை மாற்றும் மெசின் என்பதற்கே அர்த்தமிருக்காது. அவர் ஒப்புக்கொண்டு, ஓர் அலுமினிய உருளையை எடுத்து உட்பக்கம் 26, வெளிப்பக்கம் 28 என்று கடைந்தார். சுவர் ஒரு மில்லிமீற்றர்தான் என்பதால் கடைசிச் சீவல்களை மிக மெதுவாக எடுத்தார். கொஞ்சம் அவசரப்பட்டாலும் உறை முட்டை வடிவமாகிவிடும் என்றார். நீளத்தைக் கப்ளிங் குழாயைப் பிடிக்கும் முழு ஆழத்துக்கும் வைத்தோம். பாதி ஆழத்துக்கு மட்டும் உறை போட்டால் மற்றப் பாதியில் குழாய் ஆடி, உறையின் ஓரம் குழாயை அறுக்கும்.

அடுத்து உறையை நீளவாக்கில் ஒரு பக்கம் அறுத்துத் திறந்தோம். இந்த வெட்டு இல்லாவிட்டால், கப்ளிங்கின் போல்ற்றை எவ்வளவு இறுக்கினாலும் அழுத்தம் உறையோடு நின்றுவிடும், குழாயைப் பிடிக்காது. கப்ளிங்கிலும் இதேபோன்ற ஒரு வெட்டு உண்டு. இரண்டு வெட்டுகளும் ஒரே பக்கத்தில் வராமல், உறையின் வெட்டு நேரெதிர்ப் பக்கத்தில் நிற்குமாறு வைத்தால்தான் இறுக்கம் சுற்றிவரச் சமமாக விழும். பிறகு பூட்டு முளைக்கான துளை. உறையைக் குழாயில் ஏற்றி, குழாயின் துளை வழியாக உள்ளிருந்து பென்சிலால் வட்டமிட்டு, கழற்றியெடுத்துத் துளைத்து, ஓரத்தை வட்ட அரத்தால் வழித்தோம். முளை உறையை மட்டுமல்லாமல் குழாயின் சுவரையும் கடந்து உள்ளே இறங்குகிறதா என்பதை வேர்னியரின் ஆழமானியால் பார்த்தேன், இறங்கியது.

இதற்குப் பின்னரே மூன்றாவது அளவு. மெசினோடு வந்த கீழ்க்குழாயில் துளை நடுவிலிருந்து சாஃப்ட் நுனி வரை எடுத்த தூரத்துடன் ஒப்பிட்டால், வாளின் சாஃப்ட் ஆறு மில்லிமீற்றர் நீளமாக இருந்தது. குழியின் அடியில் மீதி இருந்த இடமோ மூன்று மில்லிமீற்றர். அப்படியே மாட்டியிருந்தால் முட்டியிருக்கும். குழாயில் புதிதாக இன்னொரு துளை போடலாம் என்பது ஒரு வழி. பழைய துளைக்கு ஆறு மில்லிமீற்றர் தள்ளி இன்னொன்று போட்டால் இரண்டும் ஒன்றாகி நீண்ட ஓட்டையாகிவிடும். ஆகவே சாஃப்டைக் குறைப்பதென்று முடிவு செய்தோம். சாஃப்டை வெளியே உருவி, மெல்லிய வெட்டுத் தட்டால், ஈரத் துணியைச் சுற்றி வைத்து, விட்டு விட்டு வெட்டினார். சூடேறி நீலம் பாய்ந்தால் பல்லின் வைரம் போய்விடும். வெட்டிய நுனியில் ஒவ்வொரு பல்லின் முனையையும் சிறிய அரத்தால் சரித்துவிட்டோம். அந்தச் சரிவு இல்லாவிட்டால் ஒவ்வொரு தடவையும் மாட்டும்போது பல் பல்லோடு முட்டி நிற்கும்.

சரிபார்த்தது மெழுகை வைத்து. பட்டாணி அளவு மெழுகுதிரித் துண்டொன்றை உருட்டிக் குழியின் அடியில் வைத்து, வாளின் குழாயை முழுவதுமாகச் செலுத்தி, முளை விழுந்து, போல்ற் இறுகிய பின் மீண்டும் கழற்றினேன். நசுங்கி வெளியே வந்த மெழுகில் ஒரு பக்கம் சாஃப்ட் நுனியின் ஒன்பது பல்லும் பூவிதழாகப் பதிந்திருந்தது. தடிப்பை அளந்தால் மூன்று மில்லிமீற்றருக்குக் கிட்ட. அந்த இடைவெளி வேண்டியதுதான். மெழுகைச் சுத்தமாக வழித்தெடுத்து, பல்லில் லித்தியம் கிறீஸைப் பூசி மாட்டினோம்.

எஞ்சினை உடனே முடுக்கவில்லை. பிளக்கைக் கழற்றிவிட்டு, வாளின் சங்கிலியைக் கையுறையுடன் பிடித்து இழுத்துச் சாஃப்டைச் சுற்றிப் பார்த்தேன். ஓரிடத்தில் இறுகி ஓரிடத்தில் தளர்ந்தால் கோணல் இருக்கிறது என்று பொருள். ஒரே சீராகச் சுற்றியது. பிறகு பிளக்கைப் போட்டு, முதலில் ஐடிலில் (அக்சிலேற்றரை ஏற்றாத மெதுவான ஓட்டத்தில்) விட்டோம்; அந்த நிலையில் சங்கிலி ஓடக் கூடாது. கிளச்சின் கட்டைகள் நிமிடத்துக்கு மூவாயிரத்துக்கு மேற்பட்ட சுற்றில்தான் விரிந்து வெளிப் பாத்திரத்தைப் பிடிக்கும்; ஐடிலிலேயே வாளோ தகடோ சுழன்றால் காபிறேற்றரின் ஐடில் திருகைக் குறைக்க வேண்டும், அல்லது கிளச்சின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது. மெல்ல அக்சிலேற்றரை ஏற்றி, சில நிமிடம் ஓட்டி நிறுத்தி, கப்ளிங்கைத் தொட்டுப் பார்த்தேன். இளஞ்சூடு மட்டுமே. இன்றுவரை அந்த உறை அசையவில்லை.

வாள் தலை எங்கள் வேலிக்கு எவ்வளவு உதவுகிறது என்பதைச் சொல்லாமல் விட முடியாது. முன்பு ஏணி வைத்தும் கொக்கத்தடியில் சத்தகம் கட்டியும் செய்த கதியால் கவ்வாத்து இப்போது நிலத்தில் நின்றபடியே முடிகிறது. வெட்டிய குழை ஆட்டுக்கும் வயலுக்கும் போகிறது. ஆனால் நேரே தலைக்கு மேலே பிடித்து அரியக் கூடாது. குழாய் சரிந்த கோணத்தில், கிளை விழும் இடத்துக்கு வெளியே நின்று, தடித்த கிளையென்றால் முதலில் கீழ்ப்பக்கம் சிறிது அறுத்து, பிறகு மேலிருந்து அரிந்தால் பட்டை கிழியாமல் விழும். மின்கம்பி போகும் வேலிப்பக்கத்தில் இந்தத் தலையை எடுக்கவே கூடாது. கையிலிருப்பது முழு நீளமும் உலோகம். சங்கிலிக்கு ஒயில் வருகிறதா என்று பார்க்க, ஓடும் வாளின் நுனியைக் காய்ந்த ஓலையொன்றுக்கு மேலே பிடித்தால் மெல்லிய ஒயில் கோடு விழ வேண்டும்.

தங்கூசியும் தகடும் பற்றி. இந்த மெசினின் தொடக்கமே தங்கூசிதான்: 1971இல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் ஜோர்ஜ் பலாஸ் என்பவர், கார் கழுவும் நிலையத்தில் சுழலும் பிரஷ்களைக் கண்டு, ஒரு தகரப் பேணியில் மீன்பிடி நூலைக் கோத்துச் சுழற்றிப் பார்த்ததிலிருந்து வந்தது. நாற்பது சென்ரிமீற்றர் விட்டமுள்ள வட்டத்தில் நிமிடத்துக்கு ஏழாயிரம் சுற்றுச் சுழன்றால் நூலின் நுனி வினாடிக்கு ஏறத்தாழ 147 மீற்றர் வேகத்தில் போகிறது. அந்த வேகத்தில் கல்லொன்று தெறித்தால் என்ன ஆகும் என்பதை எண்ணிக்கொண்டால், 15 மீற்றருக்குள் யாரும் நிற்கக் கூடாது என்று கையேடுகள் சொல்வதன் நியாயம் விளங்கும். முற்றத்தில் பிள்ளைகளும் கோழிகளும் இருக்கும்போது மெசினை எடுப்பதில்லை.

நூலின் தடிப்பை எஞ்சினுக்கு ஏற்றபடி தெரிய வேண்டும். முப்பத்தைந்து சீசீக்கு 2.4 மில்லிமீற்றர் முற்றத்துப் புல்லுக்குப் போதும், நான் 2.7 போடுகிறேன். மூன்றுக்கு மேல் போட்டால் எஞ்சின் வேகம் இறங்கி, வெட்டுவதற்குப் பதிலாகப் புல்லை அடித்துக் கிழிக்கிறது. நைலோன் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும் பொருள். சோளகக் காற்று வீசும் மாதங்களில் அது உலர்ந்து, தலைக்குள்ளேயே முறிந்து முறிந்து விழும். அந்தக் காலத்தில் சுருளை ஓரிரவு முழுவதும் தண்ணீரில் ஊறவைத்துப் போட்டால் முறிவது வெகுவாகக் குறையும். இதற்குச் செலவு எதுவும் இல்லை. பார்த்தீனியத்துக்கு மட்டும் தங்கூசியைப் பயன்படுத்துவதில்லை. பூத்த பின் அடித்தால் விதையை நாமே வளவெங்கும் வீசி விதைப்பதாக முடியும், சாறும் பூந்தூளும் தோலில் கடியை உண்டாக்கும். அதைப் பூக்கும் முன்பு, நிலம் ஈரமாக இருக்கும்போது, கையுறையுடன் வேரோடு பிடுங்க வேண்டும்.

தகட்டைப் பூட்டும் நட் இடப்புரி என்பதைப் புதிதாக வாங்கியவர்கள் கவனத்தில் கொள்ள வேண்டும். வழக்கமான திசைக்கு எதிராகத் திருப்பினால்தான் இறுகும். கியர் பெட்டியின் பக்கத்துத் துளையில் அலன் கீயைச் செருகிச் சுழற்சியை நிறுத்திவிட்டுத் திருப்ப வேண்டும். தங்கூசிக்குரிய காப்புத் தகட்டின் ஓரத்தில் நூலைக் கத்தரிக்கும் சிறிய கத்தி இருக்கும். இரும்புத் தகடு மாட்டும்போது அந்தப் பகுதியைக் கழற்ற வேண்டும். நின்று வெட்டுபவரின் பார்வையில் தகடு இடஞ்சுழியாகச் சுழல்வதால், வலமிருந்து இடமாக வீசி, தகட்டின் இடது முன்பக்கத்தால் வெட்டினால் வெட்டுப்பட்ட புல் வெட்டிய நிலத்திலேயே விழும். வலது முன்பக்கம் தடித்த தண்டில் பட்டால் மெசின் முழுவதும் வலப்புறம் எகிறும்.

வன்னியில் இதற்கு மேலும் ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. எங்கள் மண்ணில் இன்னும் முட்கம்பித் துண்டுகளும் தகரமும் இரும்புச் சிதறல்களும் கிடக்கின்றன. மழை ஒவ்வொரு முறையும் புதிதாகச் சிலவற்றை மேலே கொண்டுவரும். முட்கம்பி தகட்டில் சுற்றிக்கொண்டால் அதன் நுனி எந்தப் பக்கம் வீசும் என்று சொல்ல முடியாது. ஆகவே புதிய இடத்தில் தகட்டை இறக்கும் முன் நீண்ட தடியொன்றால் புல்லை விலக்கி நடந்து பார்த்து, உலோகங்களை அகற்றுகிறோம்; அடையாளம் தெரியாத உலோகப் பொருள் எதுவும் கண்ணில் பட்டால் தொடாமல், இடத்தைக் குறித்துவிட்டு, பொலிசுக்கு அறிவிக்க வேண்டும். கண்ணிவெடி அகற்றி விடுவிக்கப்படாத காணி, மண்டையோட்டுச் சிவப்புப் பலகை நட்ட காணி, அவற்றை ஒட்டிய பற்றை ஆகியவற்றுக்குள் புல்வெட்டியுடன் போகவே கூடாது. எவ்வளவு கூலி தந்தாலும் போகக் கூடாது. கம்பூட்ஸும் முகக்காப்பும் எப்போதும் வேண்டும். வாய்க்கால் கரைப் புல்லில் புடையன் கிடப்பதை மெசின் சத்தத்தில் நாம் அறியமாட்டோம்.

நெல் அரியும் கூடையும் ஒரு நல்ல இணைப்பு. நுண்பல் தகட்டின் மேலே, கதிர்களைத் தாங்கி இடப்பக்கம் வரிசையாகச் சாய்க்கும் கம்பிக் கூடை அது. வயலை இப்போது அறுவடை இயந்திரம்தான் வெட்டுகிறது. அது திரும்ப முடியாத மூலைகளிலும், ஈரம் வற்றாத பள்ளத்திலும் மிஞ்சும் நெல்லுக்கு அருவி வெட்ட ஆள் கிடைப்பது அரிது. அந்த அளவுக்கு இது போதுமானது. விடிகாலையில், பனி ஈரம் இருக்கும்போது வெட்டினால் மணி உதிர்வது குறைவு.

மண் கொத்தும் தலையை நான் பரிந்துரைக்கமாட்டேன். பாத்தியில் மழைக்குப் பின் இளகிய மண்ணைக் கிளறவும் வரிசைக்கிடையில் களை எடுக்கவும் அது உதவும் என்பது உண்மை. எங்களுடைய செங்கபில மண்ணோ காய்ந்தால் பாறை, நனைந்தால் சேறு. கொத்துவதற்கு ஏற்ற பதம் மழை விட்ட சில நாட்களுக்கு மட்டுமே நிற்கும். காய்ந்த மண்ணில் தலை துள்ளுகிறது, கை சோர்கிறது. அதைவிடத் தீங்கு, துள்ளுவதைத் தவிர்க்க ஆட்கள் அக்சிலேற்றரைக் குறைத்துப் பிடிப்பதால் கிளச் பாதி பிடித்தும் பிடிக்காமலும் வழுக்கி எரிந்துபோகிறது. அந்தப் பணத்துக்கு நல்ல மண்வெட்டியும் லாண்ட்மாஸ்ரர் (இரு சக்கர உழவு மெசின்) கூலியும் போதும்.

பராமரிப்பில் மூன்று விடயங்களை விடாமல் செய்கிறேன். கியர் பெட்டியின் பக்கத்துத் திருகைக் கழற்றி, ஏறத்தாழ இருபத்தைந்து மணித்தியால ஓட்டத்துக்கு ஒருமுறை கிறீஸ் ஊட்டுவது ஒன்று. செம்புழுதி பறக்கும் மாதங்களில் காற்று வடிகட்டியின் ஸ்பொஞ்சை ஒவ்வொரு பாவனைக்குப் பின்னும் சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, உலர்த்தி, ஒரு துளி ஒயில் பிழிந்து போடுவது இரண்டாவது. மூன்றாவதைக் கையேடுகள் அழுத்திச் சொல்வதில்லை: கழற்றி வைத்த தலைகளின் குழாய் வாயை மூட வேண்டும். திறந்து கிடக்கும் குழாய்க்குள் குளவி மண்கூடு கட்டிவிடும். காய்ந்த அந்த மண் சாஃப்டுக்கும் புஷ்ஷுக்கும் இடையில் விழுந்தால் அரத்தூள் போட்டு அராவியதற்குச் சமம். தண்ணீர்ப் போத்தல் மூடி 28 மில்லிமீற்றர் குழாய்க்குச் சரியாக நிற்கிறது. உறையில்லாத 26 குழாயென்றால் பொலித்தீனைச் சுற்றி றபர் வளையம் போடலாம். மரவாளின் குழாயில் உறையைக் கழற்றாமலே விட்டிருப்பதால் அதற்கும் போத்தல் மூடியே பொருந்துகிறது.

அடுத்து வாங்க எண்ணியிருப்பது வேலி மட்டம் வெட்டும் கத்தித் தலை. கிளுவை வேலியின் பக்கவாட்டுத் தளிர்களுக்கு வாளை விட அது ஏற்றது. கோணம் மாற்றக்கூடிய தலையாகவும், குழாய் 26 அல்லது 28 ஆகவும், ஒன்பது பல்லாகவும் இருக்க வேண்டும். துளையிலிருந்து நுனி வரையுள்ள தூரத்தைக் கடையிலேயே அளக்க, மெசினோடு வந்த கீழ்க்குழாயின் அளவை ஒரு மட்டைத் துண்டில் வெட்டி வேர்னியர் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன்.